தரை கரடானால் தாழ்மேகம் கூடுமா, குறையுமா? (மேற்பரப்பு உராய்வு பற்றிய விவாதம்)

தாழ்முகில்:

வணக்கம். முதுநிலையில் வளிமண்டல எல்லை அடுக்கை (தரையின் தாக்கம் நேரடியாகப் படும் அடிப்பகுதிக் காற்று) படித்துக்கொண்டிருக்கிறேன். வளிமண்டலத்தை ஒரே ஒரு செங்குத்துத் தூணாக எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரி ஒன்றில் ஒரு சோதனை ஓட்டினேன். தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் கரடுமுரடு நீளத்தை மட்டும் 0.03 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு ஏற்றினேன். புல்வெளியை எடுத்துவிட்டு அங்கே காட்டை வைத்தது மாதிரி. தரை வெப்பநிலை, மண் ஈரம், மேலே வீசும் காற்று எதையும் தொடவில்லை.

உராய்வு கூடினால் காற்று தாழ்வழுத்தப் பக்கம் திரும்பும், அங்கே குவியும், மேலே எழும், மேகம் கூடும் என்றுதான் படித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்ததோ நேர் எதிர். மேகத்தின் அடித்தளம் உயர்ந்தது, மேகம் மெலிந்தது, பிற்பகலில் கிட்டத்தட்டக் கலைந்தே போனது. ஏன் இப்படி? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

காற்றுமானி:

தம்பி, நீங்கள் படித்தது சரிதான். அதன் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் தொடரட்டும்.

தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேலே காற்று ஏறக்குறையச் சம அழுத்தக் கோடுகளுக்கு இணையாக ஓடும். அழுத்த வேறுபாடு ஒரு பக்கம் இழுக்கும், பூமியின் சுழற்சியால் வரும் கோரியாலிஸ் விசை மறுபக்கம் இழுக்கும், இரண்டும் சமன். தரைக்கு அருகே உராய்வு காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. கோரியாலிஸ் விசை வேகத்தைப் பொறுத்தது என்பதால் அதுவும் குறைகிறது. அழுத்த விசை மட்டும் குறையாமல் இருக்க, காற்று கோட்டைத் தாண்டித் தாழ்வழுத்தப் பக்கம் சாய்கிறது. கடல் மேல் இந்தச் சாய்வு பெரும்பாலும் 10 முதல் 20 டிகிரி. கரடான நிலத்தில் 30 டிகிரியும் அதற்கு மேலும் போகும்.

இதற்கான கணக்கு கடலிலிருந்து வந்தது. 1893 முதல் 1896 வரை பிராம் கப்பலில் வடதுருவப் பனிக்கடலில் மிதந்த நார்வே ஆய்வுப்பயணி நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதைக் குறித்துவைத்தார். அதை விளக்கும் ஸ்வீடன் கடலியலாளர் எக்மனின் கட்டுரை 1905இல் வெளிவந்தது. அதே சமன்பாட்டைத் தலைகீழாகப் பிடித்தால் காற்றுக்குப் பொருந்தும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சிட்டிகை மணலைப் போட்டு வேகமாகக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். மணல் சுவர்ப்பக்கம் ஒதுங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அடியில் நடுவே வந்து குவியும். அடித்தட்டின் உராய்வால் அங்கே சுழற்சி தளர்கிறது. ஓரத்தில் கூடுதலாக இருக்கும் அழுத்தம் அடிநீரை நடுவுக்குத் தள்ளுகிறது. அந்த நீர் நடுவில் மேலே ஏறுகிறது. 1926இல் ஐன்ஸ்டைன் ஆற்று வளைவுகளைப் பற்றி எழுதியபோது விளக்கியது இதே ஓட்டத்தைத்தான். தாழ்வழுத்த மண்டலத்தின் அடியில் நடப்பதும் இதுவே.

கலப்புயரம்:

காற்றுமானி ஐயா சொன்ன ஓட்டம் உண்மை. ஆனால் தாழ்முகில், உங்கள் மாதிரியில் அது நடக்கவே வழியில்லை. ஒரே தூண். பக்கத்தில் இன்னொரு தூண் இல்லாதபோது காற்று எங்கிருந்து வந்து குவியும்? செங்குத்து வேகத்தை நீங்கள்தான் வெளியிலிருந்து கொடுத்திருப்பீர்கள். அதை மாற்றாமல் கரடுமுரடை மட்டும் மாற்றினால், உராய்வு மேகத்தைத் தொடும் வழிகளில் ஒன்றை முழுவதுமாக அடைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் பார்க்கிறீர்கள்.

நான் இதை இப்படிப் பார்க்கிறேன். உராய்வு காற்றைத் திருப்புகிறது. கொந்தளிப்பை உண்டாக்கி அடுக்கைக் கலக்குகிறது. தரைக்கும் காற்றுக்கும் இடையே வெப்பமும் நீராவியும் கைமாறும் வேகத்தை மாற்றுகிறது. மூன்றும் வெவ்வேறு நேர அளவில் நடக்கின்றன. அதைவிட முக்கியம், ஒன்று மேகத்தைக் கூட்டும்போது இன்னொன்று குறைக்கலாம். ‘உராய்வு கூடினால் மேகம் கூடுமா’ என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எது அங்கே ஆள்கிறது என்று பார்க்காமல் விடை சொல்லவே முடியாது.

காற்றைத் திருப்பும் வழியின் அளவைப் பாருங்கள். எக்மன் கணக்குப்படி, எல்லை அடுக்கின் ஆழத்தைச் சுழிப்பால் (காற்று சுழலும் அளவு) பெருக்கி 2π ஆல் வகுத்தால் அடுக்கின் உச்சியில் செங்குத்து வேகம் கிடைக்கும். ஆழம் 1 கிலோமீட்டர், சுழிப்பு நொடிக்கு 0.00001 என்றால் நொடிக்கு 1.6 மில்லிமீட்டர். ஒரு நாள் முழுக்க ஏறினாலும் 140 மீட்டர்தான். வெயிலில் எழும் ஒரு வெப்பக்குமிழ் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறும். அதன் பக்கத்தில் இது ஒன்றுமில்லை என்று தோன்றும்.

ஆனால் தாழ்மேகத்துக்கு ஒப்பிட வேண்டியது வெப்பக்குமிழை அல்ல. துணைவெப்ப மண்டல உயரழுத்தத்தின் கீழ் காற்று மெல்ல இறங்குகிறதே, அந்த இறக்கம் 1 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்குச் சில மில்லிமீட்டர்தான். மேகத்துக்கு மூடி போட்டதுபோல் இருக்கும் தலைகீழ் வெப்பநிலை அடுக்கு (உயரே போகப் போக வெப்பம் கூடும் அடுக்கு) எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அந்தச் சில மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. ஆக உராய்வு தரும் 1.6 மில்லிமீட்டர் அதே தராசில் வைக்கத்தக்க எடை.

உயரழுத்தத்தில் இதன் திசையும் புரண்டுவிடும். அங்கே உராய்வு காற்றை வெளியே விரியச் செய்கிறது, மேலிருந்து காற்று இறங்குகிறது, மூடி தாழ்கிறது. கலிபோர்னியா, பெரு, நமீபியா கரைகளுக்கு அப்பால் கடல்மேல் பரந்து கிடக்கும் படைத்திரள் மேகம் அப்படித் தாழ்ந்த மூடியின் கீழ் வாழ்வது. மேகத்தை உயர விடாமல் அமுக்குவதிலும் உராய்வுக்குப் பங்கு உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

தாழ்முகில்:

நன்றி. ஆம், செங்குத்து வேகத்தை நான்தான் கொடுத்தேன்: 1 கிலோமீட்டரில் நொடிக்கு 4 மில்லிமீட்டர் இறக்கம், இரண்டு ஓட்டத்திலும் அதேதான். சரி, குவிதல் இல்லாததால் மேகம் கூடவில்லை, புரிகிறது. ஆனால் குறைந்தது ஏன்? கலக்கினால் ஈரம் மேலே போய் மேகம் கூடத்தானே வேண்டும்?

கலப்புயரம்:

கலக்கினால் கூடலாம். அதை எண்களோடு பார்த்தால் மனதில் நிற்கும்.

காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பின் தரையிலிருந்து 500 மீட்டர் வரை வெப்பநிலை ஒரே சீராக 18 டிகிரி என்று வையுங்கள். நீராவி தரையில் கிலோவுக்கு 12.5 கிராம், உச்சியில் 11.5 கிராம். அப்போது ஒப்பு ஈரப்பதம் தரையில் 97 விழுக்காடு, உச்சியில் 84. எங்கும் மேகம் இல்லை.

இப்போது மேலே காற்று வலுக்கிறது. தரையின் உராய்வால் காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறுகிறது, அந்த வேறுபாட்டிலிருந்து கொந்தளிப்பு பிறந்து 500 மீட்டரையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறது. ஒரு துளி நீரும் சேர்க்கவில்லை, வெப்பமும் சேர்க்கவில்லை. நன்கு கலந்த அடுக்கில் வெப்பநிலை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குறைய வேண்டும். ஆகவே தரை 20.4 டிகிரிக்கு ஏறுகிறது, உச்சி 15.5 டிகிரிக்கு இறங்குகிறது. நீராவி எங்கும் 12 கிராம். 15.5 டிகிரியில் அந்த உயரத்துக் காற்று தாங்குவது 11.7 கிராம்தான். மிச்சம் நீர்த்துளியாகிறது. மேகத்தின் அடித்தளம் ஏறக்குறைய 455 மீட்டரில், மேல்தளம் 500இல். தரையிலோ ஈரப்பதம் 79 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

விடிகாலை மூடுபனி காற்று எழும்பியதும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு தாழ்ந்த படை மேகமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கணக்குதான்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கலப்பு 500 மீட்டரோடு நின்றது. மேலே உலர்ந்த, வெப்பமான காற்று இருந்து, கலப்பு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டால் சராசரி நீராவி குறையும், வெப்பநிலை ஏறும், அடித்தளம் அடுக்கின் உச்சிக்கே மேலே போய்விடும். மேகம் போச்சு. உங்கள் ஓட்டத்தில் இது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உறுதிசெய்ய இரண்டு விவரம் வேண்டும். தரை வெப்பநிலையை நிலையாக வைத்தீர்களா? வெப்பத்துக்கான கரடுமுரடு நீளத்தையும் சேர்த்தா ஏற்றினீர்கள்?

தாழ்முகில்:

இரண்டுக்கும் ஆம். தரை வெப்பநிலை நேரத்தோடு மாறும் ஒரு அட்டவணையாகக் கொடுத்திருந்தேன், இரண்டு ஓட்டத்திலும் ஒன்றே. வெப்பத்துக்கும் உந்தத்துக்கும் மாதிரி ஒரே கரடுமுரடு நீளத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கலப்புயரம்:

அப்படியானால் விடை அங்கேதான்.

காற்றின் உந்தம் தரையில் இழக்கப்படுவதில் பெரும்பங்கு, மரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் உண்டாகும் அழுத்த வேறுபாட்டால். வெப்பத்துக்கும் நீராவிக்கும் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அவை இலையை ஒட்டிய மெல்லிய படலத்தை மூலக்கூறு மூலக்கூறாகக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அதனால் தாவரங்கள் மூடிய தரையில் வெப்பத்துக்கான கரடுமுரடு நீளத்தை உந்தத்துக்கானதில் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ எடுப்பது வழக்கம். இரண்டையும் 1 மீட்டர் என்று வைத்தால் தரையிலிருந்து வெப்பம் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

அதோடு தரை வெப்பநிலையையும் பூட்டிவிட்டீர்கள். நிஜத்தில் பரிமாற்றம் வேகமானால் தரை குளிர்ந்து, அடுத்த நொடியே பரிமாற்றம் தணியும். உங்கள் தரை தீராத வெப்பக் கிடங்கு. எல்லை அடுக்கு வேகமாக வளர்ந்து, மேலிருந்த உலர் காற்றை விழுங்கி, மேகத்தைக் காயவைத்துவிட்டது. நீங்கள் அளந்ததில் உராய்வைவிட வெப்பப் பாய்வே அதிகம்.

பசுங்கூரை:

இந்த இடத்தில் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. பரிமாற்றம் கூடுவதை ‘உராய்வு அல்ல, வெப்பம்’ என்று தள்ளிவைப்பது சரியா? காடு கரடாக இருப்பதால்தானே பரிமாற்றம் கூடுகிறது?

பிரான்சின் லாந்த், சோலோன் காடுகளைப் பாருங்கள். 2017இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, கோடையில் இந்தக் காடுகளின் மேல் சுற்றியுள்ள திறந்த நிலத்தைவிட மேகம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2009 ஜனவரியில் கிளாஸ் புயல் லாந்த் காட்டில் பெருமளவு மரங்களைச் சாய்த்தது. அதன்பின் அந்தக் கூடுதல் மேகமும் குறைந்தது. காட்டைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையை இயற்கையே செய்து காட்டிவிட்டது. தாழ்முகிலின் மாதிரி காட்டை வைத்து மேகத்தைக் குறைக்கிறது. நிஜக் காடு கூட்டுகிறது. மாதிரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கலப்புயரம்:

மாதிரியைச் சந்தேகிப்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. லாந்த் சான்றும் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் அது உராய்வுக்கு மட்டுமான சான்று அல்ல. மரம் சாயும்போது கரடுமுரடு மட்டுமா மாறுகிறது? காடு புல்வெளியைவிட இருண்டது, சூரிய ஒளியை அதிகம் உறிஞ்சும். வேர் ஆழம் வேறு, இலைவழி நீர் வெளியேறும் விதம் வேறு. எல்லாம் ஒரே இரவில் சேர்ந்து மாறின.

மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல்களைத் தடுக்கப் போட்ட நீண்ட வேலி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் இயற்கைப் புதர்க்காடு, மறுபக்கம் பயிர்நிலம். கோடையில் திரள்மேகங்கள் வேலியை ஒட்டிக் கோடு கிழித்தமாதிரி காட்டுப் பக்கத்திலேயே எழுவதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் காட்டுப்பக்கம் இருண்டது, கரடானது, இரண்டும்.

பசுங்கூரை:

ஒளி உறிஞ்சுவது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் உறிஞ்சிய வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் திறன் இல்லையென்றால் தரை சுட்டுக்கொண்டிருக்கும், காற்று அவ்வளவு சூடேறாது. ஒப்படைக்கும் திறனைக் கொடுப்பது கரடுமுரடு. அதைத்தான் சொல்ல வருகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. காட்டின் மேல் காற்று சூடேறி எழுந்தால் சுற்றியுள்ள வயல்வெளியிலிருந்து ஈரக்காற்று காட்டை நோக்கி வரும். அந்தப் பக்கவாட்டு ஓட்டமும் ஒற்றைத் தூணுக்குள் கிடையாது.

கலப்புயரம்:

முற்றிலும் சரி, இரண்டுமே. பரிமாற்றத்தை உராய்வின் மூன்றாவது வழியாக நானும் எழுதியிருக்கிறேன். தரையின் ஆற்றல் கணக்கு சமன்படும்படி விட்டு, பக்கவாட்டு ஓட்டத்துக்கும் இடம் கொடுத்தால்தான் அந்த வழி நிஜமாக எப்படிப் போகிறது என்று தெரியும்.

கடலோரம்:

நிலத்திலேயே நிற்கிறீர்களே! உலகில் தாழ்மேகம் அதிகம் வாழ்வது கடல் மேல். அங்கே கரடுமுரடு நீளம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு, பொதுவாக 0.2 மில்லிமீட்டர் அளவு. அதுவும் நிலையானதல்ல, காற்று வலுத்தால் அலை எழும், அலை எழுந்தால் கரடு கூடும். சார்னாக் 1955இல் சொன்ன தொடர்பு இது: கரடுமுரடு நீளம் உராய்வு வேகத்தின் (பரப்பின் இழுவிசையை வேகமாகச் சொல்லும் அளவு) இருமடிக்கு நேர் விகிதம்.

எண் வேண்டுமா? 10 மீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால், கடலில் உராய்வு வேகம் நொடிக்கு 0.37 மீட்டர், புல்வெளியில் 0.69. இழுவிசை அதன் இருமடி என்பதால் புல்வெளி கடலைவிட மூன்றரை மடங்கு இழுக்கிறது.

கடலில் மேகத்துக்குத் தீனி ஆவியாதல். காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டர், கடல்பரப்புக்கும் காற்றுக்கும் நீராவி வேறுபாடு கிலோவுக்கு 5 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 144 வாட் உள்ளுறை வெப்பமாக மேலே போகிறது. காற்று 6 மீட்டருக்குத் தளர்ந்தால் 108 வாட். ஆகவே காற்று வலுத்தால் மேகம் கூட வேண்டும், இல்லையா?

கலப்புயரம்:

கடலோரம் சார் கேட்டது நல்ல கேள்வி. நுயென்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2012இல் தடக்காற்றுத் திரள்மேகங்களை (வெப்பமண்டலக் கடல்களில் நிலையாக வீசும் காற்றில் எழுபவை) இதே கோணத்தில் ஆராய்ந்தார்கள். காற்று வலுத்தால் மேக அடுக்கு ஆழமாகிறது, மேகம் உயரமாக வளர்கிறது. ஆழமாகும்போது மேலிருக்கும் உலர்ந்த, வெப்பமான காற்று கூடுதலாகக் கலந்து, ஆவியாதலால் வந்த கூடுதல் ஈரத்தை ஈடுகட்டிவிடுகிறது. அடித்தளம் பெரிதாக நகர்வதில்லை. தடக்காற்று மண்டலத்தில் அது எப்போதும் 500 முதல் 700 மீட்டர் சுற்றியே நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். காற்று வலுப்பதும் கரடு கூடுவதும் ஒன்றல்ல. மேலே வீசும் காற்றை மாற்றாமல் கரடை மட்டும் கூட்டினால் பரிமாற்றக் கெழு (பரிமாற்றம் எவ்வளவு எளிது என்ற எண்) ஏறும், ஆனால் தரையருகே காற்று தளரும். ஆவியாதல் இரண்டின் பெருக்கல். ஒன்று ஏற, மற்றது இறங்க, எதிர்பார்த்த அளவுக்கு விடை மாறாது.

காற்றுமானி:

கலப்பு மேகத்தை உண்டாக்கும் என்பதைக் கண்ணால் காட்டும் ஒரு படம் உண்டு. 2008 பிப்ரவரி 12ஆம் தேதி டென்மார்க்குக்கு மேற்கே வடகடலில் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணையை வானிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு காற்றாலைக்கும் பின்னால் வெள்ளையாக ஒரு மேக வால், வரிசை வரிசையாக. காற்றாலை நீராவியை உமிழவில்லை. செறிவுநிலைக்கு மிக அருகில் இருந்த இரு வேறு வெப்பநிலைக் காற்றை இறக்கைகளின் சுழற்சி கலக்கிவிட்டது. செறிவுக் கோடு வளைந்த கோடு என்பதால் இரண்டும் தனித்தனியே செறிவடையாமல் இருந்தாலும் கலவை செறிவடைந்துவிடும். கடலுக்குச் செயற்கையாகக் கரடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

தாழ்முகில்:

மிகவும் நன்றி ஐயா. மேகங்கள் தெருத்தெருவாக வரிசை கட்டுவதற்கும் உராய்வு காரணமா?

கலப்புயரம்:

பங்கு உண்டு. மோனினும் ஒபுகோவும் 1954இல் கொடுத்த நீள அளவு ஒன்று இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கீழே உராய்வால் வரும் கொந்தளிப்பு ஆளும், மேலே மிதப்பால் (சூடான காற்று எழுவதால்) வருவது ஆளும். எல்லை அடுக்கின் உயரம் அந்த நீளத்தைப்போல் சில மடங்குதான் என்றால் காற்றோட்டம் நீள உருளைகளாக ஒழுங்குபடும், உருளைகளின் ஏறுபக்கத்தில் மேகத் தெரு. பல மடங்கானால் உருளை உடைந்து அறை அறையாகிவிடும். குளிர்காலத்தில் பனிவிளிம்பிலிருந்து திறந்த கடலுக்கு வரும் காற்றில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்: விளிம்பருகே தெருக்கள், தள்ளிப் போகப் போக அறைகள்.

தாழ்முகில்:

நீங்கள் சொன்னபடி மறுபடி ஓட்டினேன். வெப்பத்துக்கான கரடுமுரடு நீளத்தை உந்தத்துக்கானதில் பத்தில் ஒன்றாக வைத்தேன், தரை வெப்பநிலையை ஆற்றல் சமன்பாட்டிலிருந்து வரும்படி விட்டேன். அடித்தளம் உயர்வது பெருமளவு அடங்கிவிட்டது, மேகமும் பிற்பகல் முழுக்க நிற்கிறது. அதன்மேல் எக்மன் ஏற்றமாக 1.6 மில்லிமீட்டரைக் கழித்து, இறக்கத்தை 2.4 ஆக்கிப் பார்த்தேன். மூடி உயர்ந்தது, மேகம் தடித்தது.

கடலோரம்:

அருமை. ஒரு கேள்வி பாக்கி. கடற்கரைக்கு இணையாகக் காற்று வீசும்போது சில நாள் கரையை ஒட்டியே ஒரு நீண்ட மேகப்பட்டை நிற்கும், சில நாள் கரை மட்டும் தெளிந்து கிடக்கும். இதுவும் உராய்வா?

கலப்புயரம்:

உராய்வால் இரண்டும் வரும். வடகோளத்தில் காற்று போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். நிலம் வலக்கைப் பக்கம், கடல் இடக்கைப் பக்கம் என்றால், நிலத்தின் மேல் காற்று இடப்பக்கம் அதிகம் சாயும், கடல் மேல் குறைவாகச் சாயும். நிலத்தின் மேலுள்ள காற்று கடலை நோக்கி வேகமாக வருகிறது, கடல் மேலுள்ள காற்று அவ்வளவு வேகமாக விலகவில்லை. கரையில் குவிதல், அங்கே மேகப்பட்டை. நிலம் இடக்கைப் பக்கம் என்றால் கரையில் விரிதல், மேகம் விலகும். தென்கோளத்தில் கை மாறிவிடும்.

காற்று நேராகக் கடலிலிருந்து நிலத்துக்கு ஏறும்போது இன்னும் எளிது: கரையைத் தொட்டதும் வேகம் தளரும், பின்னால் வருவது முட்டும், மேலே எழும். தாழ்முகில், அடுத்து இரு பரிமாண மாதிரிக்குப் போகும்போது பாதிக் களத்துக்கு 0.2 மில்லிமீட்டர், பாதிக்கு 0.1 மீட்டர் கொடுத்து, வெப்பப் பாய்வை இரு பக்கமும் சமமாக வைத்து, இந்தக் கரையையே முதலில் ஓட்டுங்கள். கரையில் எழும் பட்டை திருப்புதலாலும் தளர்தலாலும் மட்டுமே வந்ததாக இருக்கும். வெப்பத்தின் பங்கைப் பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.